கை தெரிந்த படங்கள்

குளுக்கோஸ் பாட்டிலைச் சுவரில் மாட்டி, குழாயின் உருளையை நெருடிச் சொட்டின் வேகத்தைக் குறைத்துவிட்டு, ஜூரா அக்கா கைப்பையின் அடியிலிருந்து ஒரு ரெக்சின் பொட்டலத்தை எடுக்கிறார். உள்ளே பழைய புகைப்படங்கள். அவற்றைச் சீட்டு பரப்புவதுபோல ஒவ்வொன்றாக நோயாளியின் போர்வை மேல் வைக்கிறார்.

"கைய ஆட்டாதீங்க. கண்ண மட்டும் ஆட்டுங்க. இதுதான் எங்க தாத்தா."

நோயாளி பார்த்துத்தான் ஆகவேண்டும். நரம்பில் ஊசியோடு எங்கே எழுந்து ஓடுவது?

போன குளிர்காலத்தில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது நானும் அப்படித்தான் பார்த்தேன். இடுப்பு விட்டதும் அக்கா என் காரைப் பிடித்துக்கொண்டார். எங்கள் மலைப் பள்ளத்தாக்கின் கோச்கோர் மாவட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஊசி, டிரிப்ஸ், கட்டு மாற்றுவது என்று வீடு வீடாகப் போகிறார். தூரத்துக் கிராமம் என்றால் எனக்குப் போன் வரும். "தம்பி, வண்டில பெட்ரோல் இருக்கா?" இருக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் நிற்பார்.

உட்கார்ந்து டீ குடித்து அவரை நான் பார்த்ததில்லை. ஜன்னலோரம் நின்று, சாலையைப் பார்த்தபடியே இரண்டு மிடறு. மிச்சத்தைக் கிண்ணத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். குனிந்து மாட்ட நேரமாகிறதென்று எல்லாச் செருப்பின் குதிகாலையும் மிதித்து மடக்கி வைத்திருப்பார். கார் நிற்கும் முன்பே கதவைத் திறப்பார். "எம் பொண்டாட்டியா? அவ விருந்தாளி. வந்தா ரொட்டி வெப்போம்" என்பார் அவர் கணவர் குபாத். ஏப்ரல் மாதத்தில் எங்கள் பள்ளத்தாக்கில் வீசும் காற்றுக்கும் அக்காவுக்கும் ஏதோ உறவு என்று ஊரில் பேச்சு. இரண்டும் கதவைத் தட்டுவதில்லை.

அந்தப் படங்களில் ஒரு விசித்திரம். எதிலும் தாத்தாவின் முகம் இல்லை.

தாத்தா அஷிர்பாய் ஜும்கால் பக்கத்து ஆட்டிடையர். ஜெர்மன் போருக்குப் போனவரின் கையில் துப்பாக்கி அதிக நாள் இருக்கவில்லை. வோல்கா ஆற்றங்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் தூக்கவும், காயக்காரர்களைத் தூக்கி உட்காரவைக்கவும், மலச்சட்டி எடுக்கவும் அங்கே ஆள் வேண்டியிருந்தது. அகலமான தோள் என்று அவரைப் பிடித்துப்போட்டார்கள். போர் முடியும்வரை அதே வேலை.

மாதத்துக்கு ஒருமுறை அங்கே ஒரு படக்காரர் வருவார். காயம்பட்டவர்களைப் படமெடுத்து அவரவர் வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டில் பார்க்கிறவர்கள் பதறக்கூடாது. ஆகவே உட்கார முடியாதவனும் உட்கார்ந்திருப்பதாகத் தெரியவேண்டும். முக்காலிக்குப் பின்னால் ஒரு படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் அஷிர்பாய் மண்டியிட்டு, விரிப்பின் கிழிசல்கள் வழியே காயக்காரனின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கிப் பிடிப்பார். படத்தை மார்போடு வெட்டி அனுப்பிவிடுவார்கள். சட்டை சுருங்கிக் கை தெரிந்துவிட்ட படங்கள் கழிவு. அந்தக் கழிவைத்தான் தாத்தா கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அதிலும் எல்லாவற்றையும் அல்ல.

"இதுல இருக்கற யாரும் வீட்டுக்குப் போகல" என்பார் அக்கா, படங்களைத் தட்டியபடி. "ஏன் தாத்தா இவங்க படத்த மட்டும் வெச்சிருக்கீங்கன்னு சின்னதுல கேட்டேன். 'ஊருக்குத் திரும்பினவனுக்கு மொகம் இருக்கு, அவனுக்கு எதுக்குடி படம்?'னார்."

அந்தப் போரின் வெற்றி நாளன்று ஊரே தன் தாத்தாக்களின் படத்தைக் குச்சியில் கட்டித் தூக்கிக்கொண்டு சதுக்கம் வரை நடக்கும். ராணுவத் தொப்பி, மார்பு நிறையப் பதக்கம். அக்காவின் குச்சியில் மட்டும் கூட்டுப்பண்ணைக் காலத்தில் எடுத்த, ஆட்டுக்குட்டியோடு நிற்கும் ஒரு கிழவர். போன வருடம் மீசைக்காரர் ஒருவர் பக்கத்தில் நடந்தபடி வம்புக்கு இழுத்தார்.

"உங்க தாத்தா போர்ல சட்டி தூக்கினவரு தானே ஜூரா?"

"ஆமா. உங்க தாத்தாவோட சட்டியும் அதுல இருந்திருக்கும். நாறாம வீடு வந்து சேந்தாரே, நன்றி சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. வேகமாக நடந்து ஊர்வலத்தின் தலைக்கே போய்விட்டார்.

அக்-கியா கிராமத்துக்கு நாங்கள் போனது இந்த ஏப்ரலில். அங்கே ஊசி போட்டுக்கொண்டிருந்த பெண் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போய்விட்டதால், சகின் என்கிற முதியவரின் வீட்டிலிருந்து அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். எண்பது கடந்தவர், பழைய டிராக்டர் ஓட்டுநர். தலைசுற்றலுக்கு டிரிப்ஸ். மருமகள் மீரிம் கதவைத் திறந்தாள். காற்று எங்களை முந்திக்கொண்டு உள்ளே போனது.

"நரம்பெல்லாம் எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க பெரியவரே?"

"நீ தேடத்தானே வந்திருக்க? தேடு."

நரம்பு கிடைத்தது. சொட்டு விழத் தொடங்கியது. நான் அடுப்பங்கரையை ஒட்டி உட்கார்ந்தேன். அக்கா வழக்கம்போலப் பொட்டலத்தைப் பிரித்தார். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவர் பார்த்தது அந்தக் கிழவரின் முழங்கையை மட்டுமே. எதிர்ச்சுவரை அவர் பார்க்கவே இல்லை.

முதல் இரண்டு படங்களைக் கிழவர் கண்ணால் மட்டும் பார்த்தார். மூன்றாவது போர்வைக்கு வந்ததும் ஊசி குத்திய கையாலேயே அதை எடுத்தார்.

"ஆட்டாதீங்கன்னு சொன்னேனே!"

"இது எங்க கெடச்சுது உனக்கு?"

"எங்க தாத்தாவோடது. ஏன்?"

"திரும்பிச் சுவத்தப் பாரு."

சுவரில் தொங்கிய கம்பளத்துக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் இளைஞன் நேராக உட்கார்ந்திருந்தான். பொத்தான் போட்ட சட்டை, வாரிய தலை, சிரிக்கப்போகிற உதடு. மார்போடு படம் முடிந்திருந்தது. கிழவரின் கையில் இருந்ததும் அதே இளைஞன்தான், அதே உதடு. ஆனால் இந்தப் படம் மார்போடு நிற்கவில்லை. அக்குளுக்குக் கீழே இரண்டு பெரிய கைகள் சட்டையைக் கவ்விப் பிடித்திருந்தன. இடது கையின் சுண்டுவிரல் பாதிதான். முக்காலிக்குக் கீழே கால்கள் இருக்கவேண்டிய இடத்தில் கால்சட்டையை மடித்துக் குத்தியிருந்தது.

காற்று ஜன்னலை உலுக்கியது. மீரிம் கையில் டீக்கிண்ணத்தோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"கால் இல்ல" என்றார் கிழவர். யாரிடமும் சொல்வதுபோல இல்லை. "இவருக்குக் கால் இல்லயே."

அது அவருடைய அப்பா பெக்தெமிர். மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது போருக்குப் போனவர். ஏக்கத்தில் பிறந்தவன் என்று பிள்ளைக்குச் சகின் என்று பேர் வைத்தாள் அம்மா. பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு அந்தப் படம் தபாலில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. போர் முடிந்து கேட்டபோது, தகவல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"ஊர்ல என்ன சொன்னாங்க தெரியுமா?" என்றார் கிழவர். "இவ்வளவு நல்லா உக்காந்திருக்கறவன் ஏன் வரல? ரஷ்யாக்காரி மடியில படுத்திருக்கான், அதான் வரலன்னாங்க. பள்ளிக்கூடத்துல பசங்க என்னைய 'இவான் தம்பி'ம்பானுங்க. அங்க ஒருத்தன் எனக்கு அண்ணனா இருக்கானாம். எங்கம்மா யார் சொல்லியும் கேக்கல. செத்தவங்களுக்கு ஓதற யாசின உசுரோட இருக்கறவனுக்கு ஓதுவாங்களான்னு, கடைசி வரைக்கும் ஓத விடல. நான்..." அவர் நிறுத்தினார். "நான் திட்டியே வளந்தவன். எம் பிள்ளைங்க யாருக்கும் இவரு பேர வெக்கல."

அக்கா எழுந்து சொட்டைப் பார்த்தார். திரும்ப உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"பெரியவரே, ஒண்ணு சொல்லணும். இந்தக் கட்டுல இருக்கறவங்க யாரும் அந்த ஆஸ்பத்திரிய விட்டு வெளிய போகல. உங்கப்பா அங்கயேதான் போயிட்டாரு."

கிழவர் தலையாட்டினார். அது அவருக்கு முன்பே புரிந்துவிட்டது. அவர் கண் வேறெங்கோ நின்றிருந்தது. அந்தப் பாதிச் சுண்டுவிரலின் மேல் தன் நகத்தை வைத்தார்.

"இந்த விரல் எப்படிப் போச்சு?"

"வண்டிச் சக்கரத்துல. சின்ன வயசுல."

"இந்த ஆளு இங்க வந்திருக்கான்."

அக்கா புரியாமல் பார்த்தார்.

"எனக்கு அஞ்சோ ஆறோ வயசு. ராணுவக் கோட்டு போட்டுட்டு ஒருத்தன் குதிரையில வந்தான். ஜும்கால்காரன்னு சொன்னான். அம்மா டீ ஊத்தினா. அவன் ரொட்டி பிக்கறப்ப இந்த விரலத்தான் நான் பாத்துட்டே இருந்தேன். அம்மா படத்த எடுத்துக் காட்டினா. 'பாருங்க, எம் புருசன் எவ்வளவு நல்லா இருக்காரு, இலையுதிர்றதுக்குள்ள வந்துருவாரு'ன்னா. அவன் அந்தப் படத்த மடியில வெச்சுட்டு டீயவே குடிக்கல. அப்புறம் எந்திரிச்சுப் பின்பக்கம் போய் விறகு பொளந்தான். கெடந்த கட்டை எல்லாத்தையும் பொளந்து, கூரை வரைக்கும் அடுக்கி வெச்சுட்டு, ஒண்ணும் சொல்லாமப் போயிட்டான். யாருன்னு தெரியல, புண்ணியவான்னு அம்மா ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தா."

கிழவர் படத்தை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்த சொல்ல உன் தாத்தாவுக்கு வாயில்லயா? விறகு யாருக்கு வேணும்? அவ நாப்பது வருசம் வாசலப் பாத்துட்டே இருந்தா. நான் இன்னிக்கு வரைக்கும் செத்தவரத் திட்டிட்டே இருந்தேன். ஊசிய எடு."

"பாட்டில் பாதிதான்..."

"எடுன்னு சொல்றேன்!"

அக்கா ஊசியை எடுத்தார். பஞ்சை வைத்து அவர் முழங்கையை மடக்கிவிட்டார். படங்களைப் பொறுக்கினார், கிழவரின் கையில் இருந்ததை மட்டும் கேட்கவில்லை. கிழவரே அதைப் போர்வை மேல் தள்ளிவிட்டார். "உன்னோடது. எடுத்துட்டுப் போ."

காரில் ஏறியதும் அக்கா ஜன்னல் கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். கிராமத்துக் கடைசி வீடு தாண்டியதும் நிறுத்தச் சொன்னார். இறங்கி, காற்றுக்கு எதிராகக் கோட்டைப் பிடித்துக்கொண்டு சாலையோரமே நடந்தார். நான் மெதுவாகப் பின்னால் வண்டியை உருட்டினேன். கொஞ்ச தூரம் போய் ஏறிக்கொண்டார்.

"ஜும்கால்லேந்து பஸ் இந்த வழிதான் தம்பி வரும். தாத்தா கூட நான் எத்தன தடவ வந்திருக்கேன்! அக்-கியா வந்தாலே தொப்பிய எடுத்து மொகத்து மேல போட்டுப்பாரு. தூங்கறாருன்னு நெனச்சேன். ஒருநாள் குறும்புக்குத் தொப்பிய இழுத்தேன். கண்ணு தொறந்துதான் இருந்துச்சு."

"அந்தம்மா அப்படிக் கேட்டா யாரால சொல்ல முடியும் அக்கா?"

"சொல்லணும்" என்றார். "நான் முப்பது வருசம் ஆஸ்பத்திரில சொல்லியிருக்கேன். பெத்தவங்ககிட்ட, பொண்டாட்டிங்ககிட்ட. சொல்லிட்டு நிக்கணும். அடிச்சாலும் நிக்கணும். எங்க தாத்தா விறகு பொளந்திருக்காரு." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "எவ்வளவு பெருமையாத் தூக்கிட்டு அலைஞ்சேன்!" என்றார். தாத்தாவையா, படங்களையா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் போன் வந்தது. "பெட்ரோல் இருக்கா?"

"அக்-கியாவுக்கா? கூப்பிட்டாங்களா?"

"மருந்த பாதில விட முடியாது. துரத்தினா துரத்தட்டும்."

துரத்தவில்லை. கிழவர் சட்டைக்கையை ஏற்கெனவே சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. அக்கா ஊசியைக் குத்தினார், பாட்டிலை மாட்டினார். பொட்டலத்தை எடுக்கவில்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் குழாயையே தடவிக்கொண்டிருந்தார். சொட்டு கொஞ்ச நேரம் விழுந்தபின் கிழவர் கேட்டார்.

"போறப்ப பக்கத்துல யாரு இருந்தா?"

"தாத்தாதான். படம் காயறதுக்குள்ள போயிட்டாருன்னு சொல்வாரு."

"எதாவது சொன்னாராமா? வீட்டப் பத்தி... என்னப் பத்தி?"

அக்கா உதட்டைக் கடித்தார். ஒரு பொய் அங்கே எத்தனை வசதியாக இருந்திருக்கும்! அறையில் இருந்த எல்லோருக்கும் அது தேவைப்பட்டது, எனக்குக்கூட.

"தெரியாது பெரியவரே. தெரியாதத சொல்ல மாட்டேன். இந்தப் படத்தக் காட்டித் தாத்தா ஒண்ணுதான் சொல்வாரு. 'இவனுக்குக் கனமே இல்ல. ஆனாலும் கீழ விட மனசு வரல. படக்காரன் போதும், விடுன்னு சொன்னப்புறமும் பிடிச்சிட்டே இருந்தேன். கைக்குள்ள மூச்சு ஏறி எறங்குது; அது நிக்கற வரைக்கும் பிடிச்சிருக்கலாம்னு தோணுச்சு'ம்பாரு. யாருன்னு சொன்னதில்ல. எந்த ஊருன்னும் சொன்னதில்ல. அவரு செஞ்சது தப்பு. உங்கம்மாகிட்ட சொல்லியிருக்கணும்."

கிழவர் கண்ணைக் கூரைக்குத் திருப்பினார்.

"சொல்லியிருந்தா அம்மா அன்னிக்கே செத்திருப்பா" என்றார் பிறகு. "எனக்கு ரொட்டி குடுக்க ஆளிருந்திருக்காது. ஆனாலும் சொல்லியிருக்கணும். ரெண்டும்தான்." மூச்சை விட்டு, "அந்த விறகு ரெண்டு குளிருக்கு வந்துச்சு" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் ஆடு அறுத்தார்கள். மீரிம் கொதிக்கும் எண்ணெயில் மாவுத்துண்டுகளைப் பொரித்தாள். அந்த வாசம் போய்ச் சேரவேண்டியவர்களுக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் நம்பிக்கை. அக்கம்பக்கத்து முதியவர்கள் வந்தார்கள். அவர்களில் பள்ளியில் 'இவான் தம்பி' என்று கூப்பிட்டவர் ஒருவரும் இருந்தார். தொப்பியைக் கழற்றாமல், யார் முகத்தையும் பார்க்காமல் கடைசியில் உட்கார்ந்திருந்தார். கிழவர் அவருக்குத்தான் முதல் கிண்ணம் டீ கொடுக்கச் சொன்னார்.

முல்லா ஓதி முடித்துக் கைகளை விரித்தார். "யார் பேருக்கு?"

"பெக்தெமிர்" என்றார் கிழவர். அந்தப் பேர் அவர் வாயில் புதுச் செருப்பைப்போல இருந்தது. இன்னொரு தடவை சொல்லிப்பார்த்தார். பிறகு அம்மாவின் பேர். பிறகு, வாசலருகே ஒரு காலை வெளியே வைத்து நின்றிருந்த ஜூரா அக்காவைத் தேடினார்.

"உன் தாத்தா பேரு என்ன சொன்ன?"

"அஷிர்பாய்."

"அதயும் சேத்துக்கங்க."

எல்லோரும் உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் அக்கா ரெக்சினைப் பிரித்து அந்த மூன்றாவது படத்தை எடுத்துக் கிழவரிடம் நீட்டினார். தாத்தாவின் இரண்டு கையும் முழுதாகத் தெரிவது அது ஒன்றில்தான் என்பது எனக்குத் தெரியும். கிழவர் மறுக்கவில்லை. மீரிம் சுவரில் இருந்த சட்டத்தை இறக்கி, பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துப்பார்த்தாள். சேரவில்லை. நிறுத்தி வைத்தால் கீழே மிஞ்சியது. சாய்த்தால் ஓரங்கள் மிஞ்சின.

"கொஞ்சம் வெட்டிட்டா உக்காந்துரும் மாமா" என்று கத்தரிக்கோலை எடுத்துவந்தாள். கீழே வெட்டினால் மடித்துக் குத்திய கால்சட்டை போய்விடும். ஓரத்தில் வெட்டினால் கைகள் போய்விடும். கத்தரிக்கோலைப் பிடித்தபடி அவள் எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

அக்கா பையைத் திறந்தார். புது ஊசியின் உறை ஒன்றைப் பல்லால் கிழித்தார். இன்னொன்று, இன்னொன்று, இன்னொன்று. படத்தை வாங்கிச் சுவர்க் கம்பளத்தின் நடுவில் வைத்து உள்ளங்கையால் நீவி, மூலைக்கு ஒன்றாக நான்கு புது ஊசிகளையும் கம்பளிக்குள் ஆழக் குத்தினார்.